கருநீலப் படலம்

மூன்றாவது கண்ணாடித் துண்டைச் சுழல்தட்டின் நடுவில் வைத்து இடுக்கியை எடுப்பதற்குள் போன் அதிரத் தொடங்கிவிட்டது. துண்டு கொஞ்சம் விலகி உட்கார்ந்தது. இசக்கி அதை விரல் நுனியால் தள்ளிச் சரிசெய்தாள், விரல் நுனி என்றால் அவள் விரலுக்கு மேல் ஒரு பருத்தி உறை, அதற்கு மேல் தடித்த கறுப்பு ரப்பர், அதற்கு அப்புறம்தான் துண்டு. இரண்டு கைகளும் தோளுக்குச் சற்றுக் கீழே வரை, நீளக் கையுறைகள் பதித்த அடைப்புப் பெட்டிக்குள் இருந்தன. பெட்டிக்குள் காற்று கிடையாது, ஈரம் கிடையாது, நைட்ரஜன் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. போன் வெளியே, அவளுக்குப் பின்னால், கம்ப்யூட்டர் மேசையின் மேல். திரும்பிப் பார்க்க முடியாது. பார்க்கத் தேவையும் இல்லை, பெட்டியின் முன்கண்ணாடியில் அதன் வெளிச்சம் விழுந்திருந்தது, சின்னச் செவ்வகமாக, உள்ளே சூடாகிக்கொண்டிருந்த குப்பிக்குச் சரியாக மேலே மிதந்தபடி. அதில் இருந்த பெயர் இடவலம் மாறித் தெரிந்தது, படிக்க முடியவில்லை. அண்ணன்தான். வேறு யார் இந்த நேரத்தில். அம்மாவைப் பத்து மணிக்கு உள்ளே கூட்டிப்போவார்கள் என்று காலையில் சொல்லியிருந்தான், அரை மணி நேர வேலைதானாம் என்றும் சொன்னான், டயருக்குப் பஞ்சர் ஒட்டுவதைச் சொல்வதுபோல. அரை மணி நேரம் எப்போதோ ஆகியிருக்கும். முடிந்ததால் கூப்பிடுகிறானா, முடியாததால் கூப்பிடுகிறானா. செவ்வகம் அணைந்தது. குப்பி மட்டும் இருந்தது. வெளியே பம்பு ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருந்தது, அது எப்போதும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, அண்ணன் கூப்பிடுவது நின்ற பிறகுதான் காதில் விழுந்தது.

குப்பி ஆறிவிடக் கூடாது. இன்று காலையிலிருந்து மனதில் இருப்பது அது ஒன்றுதான், அல்லது அது ஒன்றுதான் இருக்கிறது என்று அவள் வைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பாலிமர் சூட்டில் மட்டுமே கரைந்திருக்கும், ஆறினால் கூழாகிவிடும். மறுபடி சூடாக்கினால் கரையும், ஆனால் அதில் வரும் படலம் வேறு படலம், ஆய்வை வழிநடத்துகிற சார் அதை நம்பமாட்டார், அவளும் நம்பமாட்டாள். வேறொரு ஊர்ச் சோதனைச்சாலையில் இதைச் செய்து அனுப்பிய பெண் வேலையை விட்டு வெளிநாடு போய்விட்டாள், இனி இது வராது, குப்பியின் அடியில் ஒரு சிட்டிகையாக இருந்த கடைசித் தூளைத்தான் நேற்றுக் கரைக்கப் போட்டாள். எட்டுத் துண்டுகளுக்கு வரும். ஆறு துண்டுகள் வெளிச்சத்துக்கு, ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு இருட்டுக்கு. ஆறையும் இன்று மாலை பக்கத்துக் கட்டடத்தில் இருக்கும் விளக்குப் பெட்டிக்குள் வைத்துவிட வேண்டும், சார் ஆறு மாதமாகக் கெஞ்சி வாங்கிய முறை, விட்டால் வேறு ஆள் வந்துவிடுவார். உள்ளே ஒரு விளக்கு, சூரியனைப் போலவே எரியும், ஆனால் சாயங்காலம் கிடையாது, மேகம் கிடையாது. அந்த விளக்கின் கீழே படலம் எத்தனை நாள் தாங்குகிறது என்பதுதான் அவளுடைய ஐந்து வருடம். பிப்பெட்டில் துளி எடுத்து விட்டாள். மிதியைக் காலால் அழுத்தினாள். தட்டு சுழன்றது, வேண்டாதது எல்லாம் விளிம்புக்கு ஓடித் தெறித்தது, தங்கியது ஒரு படலம், ஆயிரத்தை அடுக்கினால் ஒரு தலைமயிர் கனம் வரும். வெயிலில் பார்த்தால் கருநீலம். இங்கே பார்த்தால் கறுப்பு, ஏனென்றால் டியூப் லைட்டுகளின் மேல் மஞ்சள் கண்ணாடித்தாள் சுற்றியிருந்தது, ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் ஒட்டியிருந்தது. வெளிச்சத்தைப் பிடிக்கப் பிறந்த ஒன்றை வெளிச்சம் படாமல் வளர்க்க வேண்டியிருக்கிறது. வெளிச்சம் அந்த நீளச் சங்கிலியில் ஓரிடத்தைத் தொட்டதும் ஓர் எலெக்ட்ரான் துள்ளி எழும், எழுந்ததைப் பிடித்து வெளியே கொண்டுவந்தால் மின்சாரம், பிடிக்கத் தவறினால் அது பக்கத்தில் இருப்பதை உடைக்கும். ஒரே வெளிச்சம்தான். நல்லது செய்ய வந்தது எது, கெடுக்க வந்தது எது என்று வாசலில் நிறுத்திக் கேட்க முடியாது. மூன்றாவது துண்டைச் சூடுதட்டில் மற்ற இரண்டுக்கும் பக்கத்தில் வைத்தாள். செவ்வகம் மறுபடி ஏற்றப்பட்ட விளக்குபோல வந்தது.

கதவு திறந்தது, டீ மணம் வந்தது, அனீஸ் வந்தாள் என்று பின்னால் பார்க்காமலே தெரிந்தது. அடுத்த பெட்டி அனீஸுடையது. அவள் மேலப்பாளையம், இசக்கிக்குத் தூத்துக்குடிப் பக்கம், இருவரும் கோயம்புத்தூருக்கு இந்தப் பக்கம் இருக்கிற இந்தக் கல்லூரியில் ஒரே வருடம் சேர்ந்தவர்கள், ஒரே பேச்சு என்பதால் சேர்ந்த அன்றே ஒட்டிக்கொண்டவர்கள். ஆள் இல்லாத கையுறைகள் பெட்டியின் உள் அழுத்தத்தில் ஊதிப் புடைத்து வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும், விரல்கள் உட்பட, உள்ளே மாட்டிக்கொண்ட யாரோ கை நீட்டுவதுபோல. புதிதாக வருகிறவர்கள் திடுக்கிடுவார்கள். அனீஸ் தினமும் காலையில் தன் பெட்டியின் கையைப் பிடித்துக் குலுக்கி, நல்லாருக்கியளா மாமா என்று கேட்டுவிட்டுத்தான் வேலை தொடங்குவாள். ஏட்டி, ஒன் போனு ஊர்ந்து ஊர்ந்து மேசை ஓரத்துக்கு வந்துட்டு, இன்னும் ரெண்டு மட்டம் அடிச்சா கீழ வுழுந்துரும் என்றாள் இப்போது. யாரு, அண்ணனா? பாரு, என்றாள் இசக்கி. அண்ணன்தான். இன்னைக்குத்தான அம்மாக்கு ஆபரேசன்? ஆமா. எடுத்துக் காதுல வச்சுப் பிடிக்கட்டா, நீ பாட்டுக்குக் கைவேலையப் பாரு. வேண்டாம். ஏட்டி, நான் ஒட்டுக் கேக்க மாட்டேன், காத அந்தப் பக்கம் திருப்பிக்கிடுதேன். வேண்டாம்ட்டி, கை நடுங்கிரும். சொன்ன பிறகு அது உண்மை என்று பட்டது, அதற்கு முன்னால் அது ஒரு பதிலாக மட்டும்தான் இருந்தது. அனீஸ் டீயை வைத்துவிட்டு வந்து இசக்கியின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, மூக்கு அரிக்குதா என்று கேட்டாள். எப்படித் தெரியும்? நீ மூஞ்சிய அஷ்டகோணலா வச்சிருக்கியே. பேனா மூடியை நீட்டினாள், இசக்கி மூக்கை அதில் வைத்துத் தேய்த்துக்கொண்டாள், இருவருக்கும் சிரிப்பு வந்தது, வந்த சிரிப்பு போகிற இடம் தெரியாமல் பாதியில் நின்றது. அனீஸ் போனை மேசையின் நடுவில் தள்ளி வைத்தாள். குப்புற வைத்தாள். முன்கண்ணாடியில் இனி எதுவும் வராது. அவன் கூப்பிட்டாலும் வெளிச்சம் மேசைக்குள்தான் விழும்.

நான்காவது துண்டு. தன்னால் போக முடியவில்லை என்பதை அவள் எத்தனை பேரிடம் சொல்லிவிட்டாள், சாரிடம், அனீஸிடம், மெஸ்ஸில் தோசை போடுகிற அக்காவிடம்கூட. யாரும் ஏன் போகவில்லை என்று கேட்கவில்லை, இவளாகச் சொன்னாள். அம்மாவே வேண்டாம் என்றுதான் சொன்னாள். நீ வந்து என்ன செய்யப் போற, கத்தியப் புடிச்சு நீயா அறுக்கப் போற, ஒஞ் சோலியப் பாரு. அம்மாவுக்கு இவள் சோலி கண்ணாடியில் மை பூசுவது. ஒரு முறை காய்ந்த படலம் ஒன்றை ஊருக்கு எடுத்துப் போய்க் கையில் கொடுத்தாள், இதைப் பேப்பர் மாதிரிச் சுருட்டலாம்மா, பஸ் கூரையில ஒட்டலாம், ஜன்னல்ல ஒட்டலாம், கரண்டு வரும் என்றாள். அம்மா அதை வலது கண்ணுக்கு வெகு அருகில் கொண்டுபோய், ஒரு பக்கமாகச் சாய்த்து, மூக்கில் படுகிற அளவுக்கு வைத்துப் பார்த்தாள். எத்தன நாளு ஒழைக்கும்? இப்போதைக்குச் சில மாதம்தான். அளத்துல உப்பு மூடுத தார்ப்பாயே ஒரு கோடைக்கு வருதுட்டி, அத உட்டுட்டு இதுக்கா அஞ்சு வருசம் படிச்ச? அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தச் சிரிப்பின் நடுவில்தான், அம்மா கண்ணாடித் துண்டைத் திருப்பிக் கொடுக்கக் கை நீட்டிய இடத்தில் தான் இல்லை என்பதை இசக்கி கண்டாள். அம்மா ஒரு முழம் தள்ளி, தண்ணீர்க் குடத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தாள். இவள் நகர்ந்து போய் வாங்கிக்கொண்டாள். அன்று சொல்லியிருக்க வேண்டும். அன்று சொல்லி என்ன. அதற்கு முன்னாலேயே இடது கண்ணில் சதை வளர்ந்து, அறுத்து, மறுபடி வளர்ந்து, தழும்பாகி, அதில் பகல் இரவு மட்டும்தான் தெரிந்தது. ஐந்தாவது துண்டின் ஓரத்தில் ஒரு தூசி, நைட்ரஜன் துப்பாக்கியால் ஊதினாள், போகவில்லை, ஊதினாள்.

அம்மா உப்பு வாருகிற அளத்தில் வெயில் மேலேயிருந்து மட்டும் வராது. கீழேயிருந்தும் வரும். பாத்தி முழுக்க உப்பு, அதன் மேல் விரல் கனம் தண்ணீர், எங்கே பார்த்தாலும் வெள்ளை, குனிந்து வாரினால் முகத்துக்கு நேரே வெள்ளை. பள்ளி விடுமுறையில் சோற்றுத் தூக்கோடு போகும்போது இசக்கி வரப்பிலேயே நின்றுவிடுவாள், கண்ணைத் திறக்க முடியாது, அம்மா வந்து கையைப் பிடித்துக் கொட்டகைக்குக் கூட்டிப்போவாள், கண்ண மூடிக்கிட்டு வா, நான் இருக்கம்லா. ஒரு திருவிழாவில் அம்மாவும் கூட வேலை செய்கிற பெண்களும் சேர்ந்து ஒரே கடையில் கறுப்புக் கண்ணாடி வாங்கினார்கள், எல்லாம் ஒரே அச்சு, ஓரத்தில் தங்க நிறத்தில் ஒரு பூ. மறுநாள் பாத்தியில் பத்துப் பேரும் அதை மாட்டிக்கொண்டு வரிசையாகக் குனிந்து உப்பு வாரினார்கள். லாரிக்காரர்கள் ஒலி எழுப்பிக்கொண்டு போனார்கள், சூட்டிங் நடக்குதா என்று கணக்கப்பிள்ளை கேட்டார். அம்மாவுக்கு அந்தக் கண்ணாடி அவ்வளவு பிடித்திருந்தது. கண்ணு குளுகுளுன்னு இருக்குட்டி. வருடக்கணக்காக அதையே போட்டாள், அதன் காதுக் கம்பி உடைந்தபோது தூண்டில் நரம்பு வைத்துக் கட்டிப் போட்டாள். எம்.எஸ்ஸி. படிக்கும்போது கல்லூரியில் நிறமாலைமானி புதிதாக வந்தது, எந்த நிற வெளிச்சத்தை எது எவ்வளவு விடுகிறது என்று கோடு போட்டுக் காட்டும் எந்திரம், ஆளாளுக்குத் தங்கள் மூக்குக்கண்ணாடியையும் வளையலையும் உள்ளே வைத்து விளையாடினார்கள், விடுமுறை முடிந்து வரும்போது அம்மாவின் பழைய கண்ணாடியிலிருந்து உடைந்த ஒரு சில்லு இசக்கியின் பையில் இருந்தது, வைத்தாள். கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தில் கோடு தரையோடு தரையாக இருந்தது. அதைத் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத, கண்ணைக் கெடுக்கிற புற ஊதா இருக்கும் பக்கத்தில், கோடு எழுந்தது. எழுந்து உயர்ந்து நின்றது. அவள் எந்திரம் கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொருவரின் கண்ணாடியை வைத்துப் பார்த்தாள், அது சரியாக இருந்தது. கறுப்புச் சாயம் போட்டவன் வேறு எதையும் போடவில்லை. வெளியே இருட்டாக இருக்கிறது என்று நம்பி அம்மாவின் கண்மணி விரிந்து திறந்துகொண்டிருந்திருக்கும், திறந்த கதவு வழியாக அது பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கும், குளுகுளுவென்று.

சொல்லவில்லை. எப்படிச் சொல்வது, கோட்டைக் காட்டியா. நல்லதாக ஒன்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தாள், இதைத்தான் போடணும், அதைத் தூரப் போடு என்றாள். அம்மா துடைத்துப் பார்த்துவிட்டு, இது கலியாணங் காச்சிக்குப் போடுததுல்லா என்று அதன் பெட்டியோடு பீரோவில் வைத்துப் பூட்டினாள். அடுத்த முறை கேட்டபோதும் பீரோவில் இருந்தது. அதற்கடுத்த முறையும். இசக்கி சண்டை போட்டாள், அம்மா சிரித்தாள், உப்புக்காத்துல போட்டா ஒரு மாசத்துல பவுசு போயிரும் பிள்ளே. அளத்துக் கொட்டகையில் கண் பரிசோதனை முகாம் போட்டபோதாவது தெரிந்திருக்க வேண்டும், அங்கேயும் தெரியவில்லை. தெரியாதபடி அம்மாவும் கூட வேலை செய்கிறவர்களும் பார்த்துக்கொண்டார்கள். பல் உதிர்ந்த சீப்பு மாதிரி மூன்று கோடுகள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று கையால் காட்ட வேண்டும், அவ்வளவுதான் சோதனை. முதலில் போனது பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி, கண் நல்ல கண், அவள் திரும்பி வந்து வரிசையில் நின்றவர்களுக்கு மேல, கீழ, வடக்க, வடக்க, தெக்க என்று ஒப்பித்தாள், எல்லோரும் அதைப் பாட்டுப்போல மனப்பாடம் செய்துகொண்டு போனார்கள். கண் சரியில்லை என்று எழுதிவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்றுவிடுவார்கள் என்று பயம். அம்மா ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை. இதை அம்மாவே பெருமையாக, கையை நாலு பக்கமும் நீட்டி நடித்துக் காட்டிச் சொன்னாள், அன்றைக்கு இசக்கியும் சிரித்தாள். மேல, கீழ, வடக்க, வடக்க, தெக்க. ஆறாவது துண்டை வைக்கும்போது வாய் அதை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. என்னட்டி என்றாள் அனீஸ். ஒண்ணுமில்ல. தட்டு சுழன்று நின்றது. பின்னால் மேசை அதிர்ந்தது, குப்புறக் கிடந்ததால் சத்தம் வேறு மாதிரி, அடித்தொண்டையில் பேசுவதுபோல, மரத்துக்குள்ளிருந்து வருவதுபோல.

கையை வெளியே எடுக்கலாம். யாரும் கட்டிப்போடவில்லை. இரண்டு துண்டுதான் பாக்கி, எட்டுக்கு ஆறு போதாதா, நான்கு வெளிச்சத்துக்கு, இரண்டு இருட்டுக்கு, சாரிடம் கரைசல் ஆறிவிட்டது என்று சொன்னால் திட்டுவார், திட்டட்டும். கையை உருவினால் ரப்பர் தோலோடு ஒட்டிக்கொண்டு வரும், வியர்வை, பருத்தி உறை பாதியில் சுருண்டு மாட்டும், ஒரு நிமிடம் ஆகும், அதற்குள் அழைப்பு நின்றுவிடும், அப்புறம் இவள் கூப்பிட வேண்டும். இவள் கூப்பிட வேண்டும் என்ற இடத்தில் வந்து நினைப்பு முட்டிக்கொண்டு நின்றது. அவன் கூப்பிட்டு இவள் எடுக்காமல் இருப்பது ஒன்று. இவளே பொத்தானை அமுக்கி, மணி அடித்து, சொல்லு என்று கேட்பது இன்னொன்று. கை உள்ளே இருக்கும்வரை இரண்டும் இல்லை. கை உள்ளே இருக்கும்வரை அம்மாவின் கண் இன்னும் ஆபரேஷனுக்கு முந்திய கண்தான், என்ன வேண்டுமானாலும் ஆகலாம். ஏழாவது துண்டு. போன வாரம் டாக்டர் இவளிடம் போனில் பேசினார், நீங்கதான் சயின்டிஸ்டா என்று கேட்டார், இல்லை சார், படிக்கிறேன் என்றாள். வலது கண்ணுல புரை நல்லா முத்திப் பழுத்திருக்கும்மா, சுவர் மாதிரி நிற்குது, அதுக்குப் பின்னால விழித்திரை எப்படி இருக்குன்னு எனக்கு இப்பத் தெரியாது, சுவரை எடுத்தாத்தான் தெரியும். லென்ஸ் என்ன சார் வைப்பீங்க? அக்ரிலிக். தெரியும் என்று சொல்லவில்லை, தெரியும். கடைப் பெயர்ப்பலகை, மீன் தொட்டி, அந்தக் குடும்பத்துப் பாலிமர்தான், ஆனால் மிருதுவாக, மடித்துச் சுருட்டி ஒரு சின்னக் கீறல் வழியாக உள்ளே விட்டால் பூப்போல விரிந்து உட்காரும். அதன் சங்கிலியிலேயே புற ஊதாவைப் பிடிக்கிற மூலக்கூறைக் கோத்திருப்பார்கள். அது வெளிச்சத்தை வாங்கி, உள்ளே ஒரு ஹைட்ரஜனை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றி, வாங்கியதை வெறும் சூடாக விட்டுவிட்டு மறுபடி பழையபடி ஆகிவிடும், எதையும் உடைக்காது, ஒரு வினாடிக்குள் எத்தனையோ முறை, சலிக்காது. அவளுடைய கருநீலத்திலும் அதன் உறவுக்கார மூலக்கூறு ஒன்றைத்தான் கலந்திருக்கிறாள். இனி எந்த அளத்திலும் எந்த வெயிலிலும் அம்மாவின் கண்ணுக்குள் அது போகாது. காவல் வைத்தாயிற்று. காவலுக்குப் பின்னால் வீடு இருக்கிறதா என்பதுதான்.

எட்டாவது துண்டைத் தட்டில் வைத்துத் துளியை விடும்போது போன் விழுந்தது. நடுவில்தான் வைத்திருந்தாள் அனீஸ், அது ஊர்ந்து வேறொரு ஓரத்துக்குப் போயிருக்கிறது. தரையில் மோதிய சத்தத்தில் கை அசைந்தது, அதிகம் இல்லை, பிப்பெட்டின் முனை துண்டைத் தொட்டுவிட்டது. மிதியை அழுத்தத்தான் வேண்டும், விட்டால் உறைந்துவிடும். அழுத்தினாள். சுழன்று நின்றபோது படலத்தின் குறுக்கே ஒரு கோடு, வால்நட்சத்திரம்போல, தொட்ட இடத்திலிருந்து விளிம்புவரை, அந்தக் கோட்டில் மட்டும் வெறும் கண்ணாடி. வுழுந்தும் அடிச்சுக்கிட்டுதாம்ட்டி கெடக்கு, ஒடையல என்று அனீஸ் எடுத்து மேசையில் வைத்தாள், இந்த முறை அருகில், வெளிச்சம் மேலே பார்க்க. அது இன்னும் கொஞ்சம் அடித்துவிட்டு நின்றது. அப்புறம் அடிக்கவில்லை. துண்டைச் சூடுதட்டில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள், கடைசித் துண்டு காயும்வரை நிற்க வேண்டும், அடிக்கவில்லை. அடித்துக்கொண்டிருந்தபோது நிற்காதா என்றிருந்தது, இப்போது ஏன் நின்றது என்று மனம் கேட்டுக்கொண்டிருந்தது. அண்ணன் சலித்துவிட்டான். இல்லை, டாக்டர் கூப்பிட்டிருக்கிறார். இல்லை, சொல்ல வேண்டியது ஒன்றும் இல்லை என்றாகிவிட்டது. எட்டுத் துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பெட்டிகளில் அடுக்கினாள், ஆறு வெள்ளை மூடிக்குள், இரண்டு கறுப்பு மூடிக்குள். கோடு விழுந்ததைக் கையில் வைத்துக்கொண்டு எதில் வைப்பது என்று கொஞ்ச நேரம் நின்றாள். வெள்ளையில் வைத்தாள். குப்பியில் மிச்சமிருந்தது ஏற்கனவே ஓரங்களில் உறையத் தொடங்கியிருந்தது. இடது கையை உருவினாள், வலது கையை உருவினாள். விரல்கள் வெளுத்து ஊறி, யாருடையதோபோல இருந்தன. அவள் விட்ட இடத்தில் கையுறைகள் இரண்டும் மெல்ல ஊதின, முதலில் தோள், பிறகு முழங்கை, கடைசியில் விரல்கள், ஒவ்வொன்றாக விரிந்து அறைக்குள் நீண்டன.

முதல் மணியிலேயே எடுத்தான் அண்ணன். எத்தன மட்டம்ட்டி கூப்புடுதது என்றான். கை உள்ள இருந்துச்சு. எதுக்குள்ள? நீ சொல்லு. இரு, என்று அவன் நடந்தான், செருப்புச் சத்தம், யாரோ டோக்கன் எண்ணைக் கூப்பிடும் சத்தம், பிறகு அந்தச் சத்தங்கள் தூரமாயின. லென்சு வச்சாச்சு, அதுல ஒரு கொறையும் இல்ல, சூப்பரா உக்காந்திருக்குன்னாரு. சரி. பொறவு என்னைய மட்டும் தனியாக் கூப்ட்டாரு. சரி. உள்ள நரம்பு வெளுத்துப் போயி இருக்காம்ட்டி. பொறத்தால இருக்க திரையிலயும் சுட்ட தழும்பு மாதிரிக் கெடக்காம். வெளிச்சம் தெரியலாம், ஆள் நெழலு தெரியலாம், மூஞ்சி தெரியுமான்னு நாளைக்குக் கட்டப் பிரிச்சாத்தான் சொல்ல முடியுங்காரு. ரொம்ப எதிர்பாக்காதியன்னுட்டாரு. அவன் மூச்சு விடுவது கேட்டது. அம்மாட்ட சொன்னியா? எப்பிடிச் சொல்ல? நீ சொல்லுதியா, நீதான படிச்சவ. இவள் போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். அந்தா கூப்புடுதா, குடுக்கேன், நீ பாட்டுக்கு அழுது கிழுது வச்சிராத. மறுபடி செருப்புச் சத்தம், மறுபடி டோக்கன், எண் வேறு.

ஏட்டி இசக்கி, சோலி முடிஞ்சுட்டா? அம்மாவின் குரல் அளத்தில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் பேசுவதுபோல இருந்தது, போனில் எப்போதும் அப்படித்தான். முடிஞ்சுட்டும்மா. எட்டும் நல்லா வந்துச்சா? ஒண்ணுல மட்டும் கோடு வுழுந்துட்டு. ஒண்ணுதான, போவட்டும். வலிக்காம்மா? ஒரு வலியும் இல்ல. அந்த டாக்டரு பாட்டக் கேட்டுக்கிட்டேல்லா அறுக்காரு, கூடக் கொஞ்சம் பாடவும் செய்தாரு. அறுக்கையில கண்ணுக்குள்ள என்னமா வெளிச்சம்ட்டி, சித்திரை மாசப் பாத்தி கணக்கா ஒரே வெள்ள. கூசவே இல்ல கேட்டியா. இசக்கி கேட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்துக் கட்டில்காரிக்குப் போன வாரம் ஒரு கண்ணு செஞ்சிருக்கு, செவுத்துல ஓடுத பல்லி முட்டையோட இருக்கான்னு வரைக்கும் தெரியுதாம் அவளுக்கு. நமக்கு அவ்வளவு வேண்டாம். நீ ஒண்ணு வாங்கித் தந்தல்லா, நல்ல கண்ணாடி, பீரோல கெடந்தது. அத எடுத்துட்டு வந்திருக்கேன். நாளைக்குக் கட்டப் பிரிச்ச ஒடனே போட்டுக்கிடப் போறேன், இனி பாத்துப் பதனமா இருக்கணும்லா. கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மூடுகிற சத்தம் கேட்டது, தடவிப் பார்க்கிறாள்போல. ஏம் பிள்ளே, இவ்வளவு நாளு இருட்டுக்குள்ளயே கெடந்துச்சே, ஒண்ணும் கெட்டுப் போயிருக்காதுல்லா? கெட்டிருக்காதும்மா. நல்லாத் தெரியுமா? நல்லாத் தெரியும், இருட்டுல இருந்தா ஒண்ணும் கெடாது. அப்பிடிச் சொல்லு என்றாள் அம்மா, அண்ணனிடம் திரும்பி, கேட்டியா, அவளே சொல்லிட்டா என்றாள். அனீஸ் கறுப்பு மூடிப் பெட்டியின் மேல் ஒட்டுவதற்குக் காகிதத்தில் தேதியை எழுதிக்கொண்டு, ஏட்டி, டீ ஆறிட்டு, வேற வாங்கியாரவா என்று இந்தப் பக்கம் பார்த்துக் கேட்டாள். இசக்கி தலையை ஆட்டினாள். அம்மா பல்லியைப் பற்றி மறுபடி பேசத் தொடங்கியிருந்தாள். இசக்கி ஒரு கையால் போனைக் காதில் வைத்துக்கொண்டு, பெட்டியிலிருந்து நீண்டுகொண்டிருந்த கையுறையின் விரல்களை இன்னொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.